புரோகிராம்ல தேதி கணக்கு, வேலை நாள் கணக்கு: உங்க கேள்விகள்

கேள்வி: ஜாவாஸ்கிரிப்ட்ல மாசம் 3ன்னு போட்டா ஏப்ரல் வருதே?
மாசம் அங்க 0ல ஆரம்பிக்கும், தேதி மட்டும் 1ல. 1995ல ஜாவா மொழியோட டேட் (Date) கிளாஸைப் பாத்து அப்படியே காப்பி அடிச்ச வினை.

கேள்வி: 03/04/2025 குடுத்தேன், தப்பா வருது, அவசரம்.
எந்த மொழின்னு சொல்லல, என்ன வந்துச்சுன்னும் சொல்லல. மார்ச் 4ஆ ஏப்ரல் 3ஆன்னு எனக்கே தெரியல, மெஷினுக்கு எப்படித் தெரியும்? 2025-04-03ன்னு, வருஷம்-மாசம்-நாள் வரிசைல எழுதிப் பழகுங்க.

கேள்வி: திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் வேலை நாள் எக்செல்ல 5, நம்பைல (பைத்தானோட NumPy லைப்ரரி) 4. எது சரி?
ரெண்டும் சரி. எக்செல் ரெண்டு முனையையும் எண்ணும், நம்பை கடைசி நாளை விட்டுடும், உங்களுக்கு எது வேணும்னு வேலை குடுத்தவங்களைக் கேளுங்க. லீவு லிஸ்ட் நீங்க குடுத்தாத்தான் உண்டு, அதைக் கோட்ல பொதைக்காம டேபிள்ல வைங்க. வார லீவும் அப்படித்தான், அமீரகத்துல 2022ல வெள்ளி-சனியை சனி-ஞாயிறுன்னு மாத்துனாங்க.

கேள்வி: பிறந்தநாள் ஒரு நாள் முன்னாடி காட்டுது. ஒன்னு கூட்டி சரி பண்ணிட்டேன், ஓகேவா?
ஓகே இல்ல! எத்தனை தடவைங்க சொல்றது, தேதிக்கு நேரத்தை ஒட்டாதீங்க. வெறும் 1990-05-12ஐ ஜாவாஸ்கிரிப்ட் டேட்ல போட்டா அது யூடிசி (UTC, உலகப் பொது நேரம்) நள்ளிரவுன்னு எடுத்துக்கும், அந்த நேரம் நியூயார்க்ல முந்தின நாள் சாயங்காலம், அதனால 11ன்னு காட்டும். நீங்க ஒன்னு கூட்டினா அங்க சரியாகும், கிழக்க இருக்கறவனுக்கு 13ன்னு வரும். ஒரு சம்பள சிஸ்டத்துல இந்த "ஒன்னு கூட்டு" வரியை மூணு ஃபைல்ல பாத்தேன், நாலாவதுல யாரோ ஒரு புண்ணியவான் ஒன்னு கழிச்சு வச்சிருந்தாரு, ரெண்டு நாள் தூக்கம் போச்சு. நேரம் ஒட்டாத தேதி வகையை எடுங்க: டேட்டாபேஸ்ல டேட் வகை நெடுவரிசை (column), ஜாவால லோக்கல்டேட், பைத்தான்ல டேட், அவ்ளோதான். அடுத்த நாளுக்கு 86400 செகண்ட் (24 மணி நேரம்) கூட்டறவங்களுக்கும் இதேதான், கடிகாரத்தை மாத்தி வைக்கற ஊர்ல வருஷத்துக்கு ஒரு நாள் 23 மணி நேரம், ஒரு நாள் 25.

கேள்வி: ஜனவரி 31க்கு ஒரு மாசம் கழிச்சு என்ன தேதி?
2025ல பைத்தான்ல மாசம் கூட்டற ரிலேட்டிவ்டெல்டா (relativedelta) பிப்ரவரி 28ங்கும், ஜாவாஸ்கிரிப்ட் மார்ச் 3ங்கும். மாசத் தவணைன்னா ஒவ்வொரு தடவையும் ஆரம்பத் தேதிலேர்ந்து கூட்டுங்க, போன தவணைலேர்ந்து கூட்டினா 28லயே மாட்டிக்கும்.

கேள்வி: ஜாவால டிசம்பர் 29, 2025ஐ பிரிண்ட் பண்ணா 2026ன்னு வருது!
ஃபார்மேட்ல பெரிய ஒய் (Y) போட்டிருப்பீங்க, அது வாரக் கணக்கு வருஷம், அந்த வாரம் எந்த வருஷத்துக் கணக்குல சேருதோ அதைக் காட்டும். சின்ன ஒய் (y) போடுங்க.