பாட்டி காசில் 'ரா.கி.'

கேள்வி: பாட்டியின் 1862 விக்டோரியா வெள்ளி ரூபாயில், ராணியின் கன்னத்தருகே 'ரா.கி.' என்று குத்தியிருக்கிறது. அரசு முத்திரையா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இல்லை அம்மா. அக்கசாலை (அரசு நாணயம் அடிக்கும் இடம்) போடும் எழுத்து காசை அடிக்கும் அச்சிலேயே இருக்கும். 1840 ரூபாய்களில் கழுத்தடியில், ராணியின் உருவத்தைச் செதுக்கிய வில்லியம் வையனின் 'டபிள்யூ.டபிள்யூ.' காண்பதைப் போல. உங்களுடையது பிறகு யாரோ குத்தியது. சாய்வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள்: எழுத்து பள்ளமாக, ஓரத்தில் வெள்ளி பிதுங்கி, பின்பக்கம் அதே இடம் நசுங்கியிருக்கும். காசுக்கடைக்காரர்கள் வெள்ளியைச் சோதிக்கக் குத்தியவை பெரும்பாலும் சின்னக் குறிகள்தான். தமிழ் இனிஷியல் என்றால் வீட்டாருடையதாக இருக்கலாம் என்பது என் எண்ணம். பரணில் கிடக்கும் பித்தளை அண்டா, குத்துவிளக்கில் பெயர் வெட்டியிருப்பார்களே, அதோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போனால் அப்புறம் பழைய பத்திரங்களில் ஆளைத் தேடலாம். தயவுசெய்து புளி போட்டு மட்டும் தேய்த்துவிடாதீர்கள்!