சமணமலைக்கு சைக்கிளில் போகலாமா?

அன்புள்ள ஐயா,

சமணமலை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து, எட்டாவது படிக்கும் மகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் அங்கே போய்வர ஆசை. இரண்டுமே கியர் இல்லாத சைக்கிள்கள். வீட்டிலோ, "அது வெறும் மொட்டைப் பாறை, அரை மணி நேரத்தில் ஏறி இறங்கிவிடலாம், பேசாமல் காரில் கொடைக்கானல் போகலாம்" என்கிறார்கள். என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாகப் போங்கள். காளவாசலிலிருந்து தேனி சாலையில் போய், நாகமலை புதுக்கோட்டையில் இடதுபக்கம் திரும்பினால் மலையடிவாரத்து ஊரான கீழக்குயில்குடி. மதுரையிலிருந்து 10, 12 கிலோமீட்டர்தான். பெரிய ஏற்றம் கிடையாது, கியர் தேவைப்படாது. தேனி சாலையில் பஸ்ஸும் லாரியும் விரட்டிக்கொண்டு வரும். மகளை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் ஓட்டுங்கள். விடியும்போதே கிளம்பிவிடுங்கள். வெயில் ஏறினால் பாறையில் கால் வைக்க முடியாது.

மலையடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமரங்கள், அய்யனார் கோயில். சைக்கிள்களை அங்கே பூட்டிவிட்டுக் கோயிலை ஒட்டிய படிகளில் ஏறுங்கள்.

மொட்டைப் பாறைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாதி வழியில் பேச்சிப்பள்ளம் வரும். சுனைக்கு மேலே பாறையில் வரிசையாக எட்டுச் சிற்பங்கள்: மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி என்று சமணர்கள் வணங்கும் பெரியவர்கள். 9, 10ஆம் நூற்றாண்டு வேலை. அடியில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில், எந்தத் திருமேனியை யார் செய்வித்தது என்று வெட்டியிருக்கிறார்கள். அதில் ஒன்று அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்தது. அச்சணந்தி சமண முனிவர். அவர் பெயர் ஆனைமலையிலும் அழகர்மலையிலும்கூடப் பாறையில் இருக்கிறது. துறவியாகப் போன பிள்ளையின் பெயரோடு ஒரு தாயின் பெயர் ஆயிரம் வருடத்துக்கும் மேலாக அந்தப் பாறையில் நிற்கிறது! எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மனசு நெகிழும். இந்த இடத்தை அரை மணி நேரத்தில் ஏறி இறங்கும் கணக்கில் பார்க்கக் கூடாது. மகளை உட்கார வைத்துக் கதையாகச் சொல்லுங்கள். எழுத்து தெரியவில்லையே என்று சுண்ணக்கட்டியால் தேய்த்துப் பார்க்க மட்டும் விட்டுவிடாதீர்கள். காலை வெளிச்சம் சாய்வாக விழும்போது தானாகவே கொஞ்சம் துலங்கும்.

அப்புறம் மேலே போங்கள். உச்சியில் பள்ளி எனப்படும் பழைய சமணக் கோயில் ஒன்றின் அடித்தளம் மட்டும் மிச்சமிருக்கிறது. வடக்கே நாகமலை நீளமாகக் கிடப்பது அங்கிருந்து நன்றாகத் தெரியும்.

கொடைக்கானலுக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம். ஆனால் பக்கத்திலேயே இப்படி ஒரு மலை இருப்பதை, தன் காலால் மிதித்து, தன் காலால் ஏறி உங்கள் மகள் தெரிந்துகொள்ள இதுதான் வயது.

இறங்கிய பிறகும் தெம்பிருந்தால், அடிவாரத்தைச் சுற்றித் தென்மேற்குப் பக்கம் செட்டிப்புடவுக்குப் போங்கள். குகைக்குள் மேலே பாருங்கள். சிங்கத்தின் மேல் வரும் இயக்கி என்ற சமணப் பெண் தெய்வம், யானை மேல் வருபவனோடு போரிடும் சிற்பம் இருக்கிறது. அதற்குள் வெயில் ஏறிவிட்டதென்றால் அதை இன்னொரு ஞாயிற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.