ஒரே 5060 சிப், விலையில் 12,000 ரூபாய் வித்தியாசம்: எதை வாங்குவது?

கேள்வி: காலேஜ் வேலைக்கும் கேமுக்கும் சேர்த்து லேப்டாப் வாங்கப் போகிறேன். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் இரண்டு மாடல் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டிலும் ஆர்டிஎக்ஸ் 5060 கிராஃபிக்ஸ் சிப், ரேமும் எஸ்எஸ்டியும் ஒன்றே. ஒன்று மெல்லிசு. இன்னொன்று தடிமன், 12,000 ரூபாய் அதிகம். "சிப் ஒண்ணுதான் தம்பி, வித்தியாசமே தெரியாது" என்கிறார் கடைக்காரர். எங்கள் வீடு மேல்மாடியில் ஷீட் போட்ட ரூம், ஏசி கிடையாது. எதை எடுக்கலாம்? (வாசகர், வியாசர்பாடி)

பதில்: சிப் ஒன்றுதான், அதில் பொய் இல்லை. ஆனால் அந்தச் சிப்புக்கு எத்தனை வாட் கொடுப்பது என்பதை லேப்டாப் கம்பெனிதான் முடிவு செய்கிறது. லேப்டாப் 5060-க்கு, சிப்பைத் தயாரிக்கும் என்விடியா விட்டிருக்கும் வரம்பு 45 வாட் முதல் 100 வாட் வரை. இதற்கு மேல் டைனமிக் பூஸ்ட் என்று ஒன்று உண்டு. பிராசஸருக்கு வேலை குறைவாக இருக்கும் நேரத்தில் அதன் பங்கிலிருந்து 15 வாட் வரை எடுத்து கிராஃபிக்ஸுக்குத் தரும் ஏற்பாடு அது. விளம்பரத்தில் 115 வாட் என்று பார்த்தால், 100-உம் 15-உம் சேர்ந்த கணக்கு என்று புரிந்துகொள்ளுங்கள். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இந்த எண் பெரும்பாலும் இருக்காது. கம்பெனியின் இணையதளத்தில், அந்த மாடலின் விவரப் பட்டியலில் டிஜிபி (கிராஃபிக்ஸுக்கான மொத்த வாட்) என்ற பெயரில் தேடுங்கள்.

கடையிலேயே பார்க்கவும் வழி உண்டு. சார்ஜரைச் செருகி, பவர் மோடை பர்ஃபார்மன்ஸில் வைத்து, என்விடியா கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்பதைத் திறக்கச் சொல்லுங்கள். மேக்ஸிமம் கிராஃபிக்ஸ் பவர் என்ற வரியில் இருப்பதுதான் பூஸ்ட்டும் சேர்ந்த உச்ச வாட். இரண்டு லேப்டாப்பிலும் அந்த வரியை போட்டோ எடுத்துக்கொண்டு பிறகு விலை பேசுங்கள்.

வாட் இரண்டு மடங்கானால் ஃபிரேமும் (ஒரு நொடியில் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) இரண்டு மடங்காகும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். சிப்பின் வேகத்தைக் கூட்ட வோல்டேஜையும் கூட்டியாக வேண்டும். வாட்டோ, வேகத்துக்கு நேர் விகிதத்திலும் வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் ஏறும். வேகம் 10 சதவீதம் கூட வோல்டேஜ் 8 சதவீதம் கூட வேண்டியிருந்தால், செலவாகும் வாட் கிட்டத்தட்ட 28 சதவீதம் ஏறிவிடும். அதனால் 50 வாட்டிலிருந்து 75-க்குப் போகும்போது விளையாட்டில் நன்றாகவே தெரியும். 75-இலிருந்து 95-க்கு ஓரளவு தெரியும். 100-க்கு மேல் கிடைப்பது பெரும்பாலும் சூடும் ஃபேன் சத்தமும்தான்.

என்ன கேம் ஆடுகிறீர்கள் என்பதும் முக்கியம். வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் மட்டும்தான் என்றால் பெரும்பாலும் பிராசஸர்தான் ஃபிரேமைத் தீர்மானிக்கும், சிப் தன் வாட் வரம்பையே தொடாது. அதற்கு மெல்லிசு மாடல் தாராளமாகப் போதும். சைபர்பங்க் மாதிரி கனமான கேம்களில்தான் வாட் பேசும். அங்கேயும் இன்னொரு தடை இருக்கிறது. லேப்டாப் 5060-க்கு 8 ஜிபி வீடியோ மெமரிதான். டெக்ஸ்சரை (கேமில் பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) அல்ட்ராவில் வைத்து அந்த மெமரி நிரம்பிவிட்டால், எத்தனை வாட் கொடுத்தாலும் கேம் திக்கித் திக்கித்தான் ஓடும். லேப்டாப் 5070-க்கும் அதே 8 ஜிபிதான். ஆகவே மெல்லிசு 5070-க்காகக் கூடுதல் காசு போடச் சொன்னால் யோசியுங்கள்.

இனி உங்கள் ரூம். ரிவ்யூ வீடியோக்களில் வரும் எண்கள் பெரும்பாலும் ஏசி போட்ட அறையில், 22, 25 டிகிரியில் எடுத்தவை. சித்திரை மதியத்தில் ஷீட்டுக்குக் கீழே 37, 38 டிகிரி இருந்தால், அதே வேலைக்குச் சிப்பின் சூடும் ஏறக்குறைய அந்த வித்தியாசம் அளவுக்கு மேலே போகும். ரிவ்யூவில் 75 டிகிரி காட்டிய மெஷின் உங்கள் வீட்டில் 87-ஐத் தொடும். அந்த இடத்தில் சிப் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வாட் அங்கே கைக்கு வராது.

அதனால் கனமான கேம் ஆடுவீர்கள் என்றால் தடிமன் மாடலையே எடுங்கள். வாட்டுக்காக அல்ல, அதிலிருக்கும் பெரிய ஹீட்சிங்குக்காகவும் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) ஃபேனுக்காகவும். எடுத்த பிறகு, கோடையில் அதை 115 வாட்டில் ஓட்டாதீர்கள். 85, 90 வாட்டுக்குள் அடக்கினால் ஃபிரேம் கொஞ்சமே குறையும், ஆனால் கடைசிவரை நிலையாக ஓடும்.

அடக்குவதற்கு எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற சாஃப்ட்வேர் போதும். கோர் கிளாக்கில் (சிப்பின் வேகம்) 100 மெகாஹெர்ட்ஸ் கூட்டி அப்ளை கொடுங்கள். கன்ட்ரோல், எஃப் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் வோல்டேஜ் வளைகோடு திறக்கும். அதில் 875 மில்லிவோல்ட் புள்ளிக்கு வலப்பக்கம் இருக்கும் எல்லாப் புள்ளிகளையும் அதற்குக் கீழே இழுத்துவிட்டு மறுபடி அப்ளை கொடுங்கள். கோடு 875-க்குப் பிறகு தட்டையாகிவிட வேண்டும். அரை மணி நேரம் கனமான கேம் ஆடிப் பாருங்கள். கேம் டெஸ்க்டாப்புக்கு வந்து விழுந்தாலோ, திரை ஒரு நொடி கறுத்துத் திரும்பினாலோ, கூட்டிய 100-ஐ 85, 70 என்று இறக்குங்கள். சரியாக ஓடிய பிறகுதான் ப்ரொஃபைலில் சேமிக்க வேண்டும். விண்டோஸ் தொடங்கும்போதே அமலாகும்படி முதல் வாரத்தில் வைக்காதீர்கள்.

எங்கே தடை என்று கண்டுபிடிக்க ஜிபியு-இசட் என்ற சாஃப்ட்வேரில் பெர்ஃப்கேப் ரீசன் (வேகத்தைத் தடுக்கும் காரணம்) என்ற வரியைப் பாருங்கள். பவர் என்று வந்தால் வாட் வரம்பைத் தொட்டிருக்கிறது, அது இயல்பு. தெர்மல் என்று வந்தால் சூடு. முதல் 2 நிமிட எண்ணை நம்பாதீர்கள். ஹீட்சிங்க் முழுதாகச் சூடேற 15, 20 நிமிடம் ஆகும், அதற்குப் பிறகு வருவதே உண்மை எண்.

தெர்மல் வந்தால் முதலில் பின்பக்கத்தை 2, 3 சென்டிமீட்டர் தூக்கி வையுங்கள். மெத்தை மேல் வைத்து ஆடவே கூடாது. கடற்காற்றின் ஈரத்தில் தூசி பிசுபிசுப்பாகப் படியும், ஹீட்சிங்க் இடுக்கில் பஞ்சு மாதிரி அடைத்துக்கொள்ளும். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். 4 மாதத்துக்கு ஒரு முறை சுத்தம் செய்யுங்கள். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு பல்குச்சியால் பிடித்துக்கொள்ள வேண்டும். விட்டுவிட்டால் அளவுக்கு மீறிச் சுற்றி பேரிங் போய்விடும்.

எங்கள் ஏரியாவில் லோ வோல்டேஜ், அதனால் கேம் மெதுவாகுமா என்றும் பலர் கேட்கிறார்கள். ஆகாது. லேப்டாப் அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்றுக்கொள்ளும். ஆனால் கூடவே வந்த அடாப்டரையே பயன்படுத்துங்கள். 100 வாட் டைப்-சி சார்ஜரில் ஓட்டினால் பிராசஸருக்கும் கிராஃபிக்ஸுக்கும் சேர்ந்தே அது போதாது, சிப் வாட்டைப் பாதிக்கு மேல் குறைத்துவிடும், பேட்டரியும் இறங்கிக்கொண்டே வரும். பேட்டரியில் மட்டும் ஓட்டினாலும் அதே கதைதான். எப்போதும் செருகியே ஆடுவதால், கம்பெனி கொடுத்திருக்கும் ஆப்பில் சார்ஜ் வரம்பை 80 சதவீதத்தில் வைத்துவிடுங்கள். அந்த ரூம் சூட்டில் 100 சதவீதத்திலேயே நிற்கும் பேட்டரி சீக்கிரம் உப்பும்.