பீலித் தண்ணீர் தெளிவாக இருந்தால் போதுமா?

கேள்வி: எங்கள் லயத்து வீடுகளுக்கு மேலே, மலை ஊற்றிலிருந்து வந்து விழும் பீலித் தண்ணீரைத்தான் தாத்தா காலத்திலிருந்து குடிக்கிறோம். இப்போது அதற்கும் மேலே முழுக்கக் கிழங்கும் லீக்ஸும் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் பளிங்கு மாதிரிதான் வருகிறது, ஆனால் கீழே ஓடையில் பாசி மண்டிவிட்டது, நண்டைக் காணோம். காய்ச்சிக் குடித்தால் சரிதானே?
– வாசகி ஒருவர், கந்தப்பளை

பதில்: காய்ச்சினால் கிருமி சாகும், அவ்வளவுதான் தங்கச்சி. உரத்திலிருந்து இறங்கும் நைத்திரேற்று கொதித்தாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். நிறமும் வாடையும் இல்லாததால் கண்ணுக்குத் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேல் போனால் ஆறு மாதத்துக்குக் குறைந்த, மாப்பால் குடிக்கும் குழந்தைக்குத்தான் முதல் ஆபத்து, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாயும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால், பரிசோதனை முடிவு வரும்வரை பீலித் தண்ணீரில் பால் கரைக்கவே வேண்டாம்.

ஓடையைக் கவனித்தீர்களே, அது பெரிய விஷயம். மழையில்லாத பெப்ரவரி, மார்ச்சில் அதில் ஓடுவது பெரும்பாலும் நிலத்தடியிலிருந்து ஊறும் தண்ணீர்தான், அதனால் நிலத்துக்குள் என்ன சேர்ந்திருக்கிறது என்று அப்போது ஓடையே காட்டிக்கொடுக்கும். ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். அடியில் மூன்று வால் நீட்டிக்கொண்டு தட்டையாக ஒட்டியிருக்கும் சின்னப் பூச்சிகள் இருந்தால் ஓரளவு நிம்மதி. சிவப்புப் புழு மட்டும் நெளிந்தால் கழிவு சேர்கிறது என்று சந்தேகப்படலாம். அப்புறம், பீலிக்கு மேலே குழிக் கக்கூஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள், எல்லாப் பழியையும் உரத்தின் மேல் போட்டுவிட முடியாது.

ஒரு போத்தல் தண்ணீரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மரக்கறித் தோட்டத்துக்கு மேலே ஓர் ஊற்று, உங்கள் பீலி, கீழே ஓடை என்று மூன்று இடத்திலும், மழைக்காலத்தில் ஒரு தடவை, வெயிலில் ஒரு தடவை எடுத்து ஒப்பிட்டால்தான் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். உங்கள் பகுதி பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம்) சொல்லுங்கள், தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கு ஆய்வுகூடங்கள் இருக்கின்றன. கிருமிப் பரிசோதனைக்கு அவர்கள் தரும் போத்தலிலேயே பிடித்து, குளிரில் வைத்து அன்றைக்கே சேர்த்துவிடுங்கள்.

மேலே இன்றைக்கே உரத்தைக் குறைத்தாலும் பீலித் தண்ணீர் உடனே சுத்தமாகிவிடாது. மண்ணிலும் பாறை வெடிப்பிலும் இறங்கிய தண்ணீர் வெளியே வர வருடக்கணக்காகலாம். அதனால் இப்போதே ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள்: உரம் போட்ட மாதம், பெருமழை பெய்த நாள், கடைசியாக நண்டைக் கண்ட இடம். பரிசோதிக்க வருபவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.