கடற்படை நேவிகேட்டர் வேலை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எல்லாவற்றுக்கும் ஜிபிஎஸ் வந்துவிட்டதே அண்ணா, நேவிகேட்டர் எதற்கு?

பதில்: கப்பல் எங்கே இருக்கிறது, எந்த வழியில் போக வேண்டும் என்று கணிப்பவர்தான் நேவிகேட்டர். திரையில் தெரியும் புள்ளியை நம்பலாமா என்று சொல்லத்தான் அவர் வேண்டும். ஜிபிஎஸ் சிக்னலை முடக்கலாம், பொய் சிக்னல் அனுப்பி கப்பலை வேறெங்கோ இருப்பதாகக் காட்டவும் முடியும், போர்க்கப்பல் இதற்கு எப்போதும் தயாராக இருக்க வேண்டும். கரை தெரியும் இடத்தில் கலங்கரை விளக்கம், முனை, கோபுரம் என்று மூன்று அடையாளங்களுக்கு பேரிங் (காம்பஸில் பார்க்கும் திசைக் கோணம்) எடுத்து சார்ட்டில் (கடல் வரைபடத்தில்) கோடு போடுவோம். மூன்றும் ஒரே புள்ளியில் வெட்டினால் நிம்மதி. பெரிய முக்கோணமாக விழுந்தால் அடையாளத்தை மாற்றிப் பார்த்திருக்கலாம், காம்பஸில் பிழை இருக்கலாம். உடனே மறுபடி எடுக்க வேண்டும். நட்சத்திரம் பார்த்து இடம் கணிக்கும் பாடத்தைக் கைவிட்ட அமெரிக்கக் கடற்படை அகாடமியே 2015-ல் அதை மறுபடி கொண்டுவந்தது.

கேள்வி: கணக்கில் நான் சுமார்தான், பரவாயில்லையா?

பதில்: கோணம், திரிகோணமிதி, வெக்டர் பிடிபட வேண்டும். அதைவிட மனக்கணக்கு முக்கியம். 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) வேகத்தில் 6 நிமிடத்தில் ஒன்றரை கடல் மைல் போவோம், போக வேண்டிய திசையில் ஒரு டிகிரி தப்பினால் 60 கடல் மைல் தாண்டும்போது ஏறக்குறைய ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர், விலகியிருப்போம். இதெல்லாம் யோசிக்காமல் வர வேண்டும். பழகினால் வரும், பயப்படாதீர்கள்.

கேள்வி: நிறம் பிரித்துப் பார்ப்பதில் கொஞ்சம் குறை உண்டு சார்.

பதில்: வேறு எதற்கும் முன்னால் கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரவில் எதிர்க் கப்பலின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை, அது எந்தப் பக்கம் போகிறது என்பதை அதை வைத்துத்தான் முடிவெடுக்கிறோம். அதனால் இதில் பொதுவாகச் சலுகை கிடையாது. வருடக்கணக்காகப் படித்த பிறகு தெரியவந்தால் மனசு உடைந்துவிடும்.

கேள்வி: சேர்ந்ததுமே நேவிகேட்டர் ஆக்குவார்களா?

பதில்: இல்லை. முதலில் பிரிட்ஜில் (கப்பலை இயக்கும் மேல்தள அறையில்) வாட்ச் நிற்க, அதாவது முறைவைத்துக் கண்காணிப்புப் பணி பார்க்க, பழக வேண்டும், அப்புறம்தான் நேவிகேஷன் படிப்பு, பொறுப்பு எல்லாம்.

கேள்வி: கடல் நோய்?

பதில்: பெரும்பாலானவர்களுக்குச் சில நாளில் பழகிவிடும். அடிவானத்தைப் பாருங்கள்.

கேள்வி: இப்போதே என்ன படிக்கலாம்?

பதில்: 1972-ல் உருவான சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகள். மனப்பாடம் மட்டும் போதாது, ஒவ்வொன்றையும் படம் போட்டுப் பாருங்கள். இரண்டு இயந்திரக் கப்பல்கள் குறுக்கே வந்தால், தன் வலப்பக்கம் மற்றதைக் காணும் கப்பல்தான் விலக வேண்டும். மோதல் வருமா என்று தெரிய, அதன் பேரிங்கைத் திரும்பத் திரும்ப எடுங்கள்: அது மாறாமல் தூரம் மட்டும் குறைந்துகொண்டே வந்தால் ஆபத்து, சீக்கிரமாக, எதிரில் இருப்பவருக்குத் தெளிவாகத் தெரியும்படி திரும்பிவிடுங்கள்.