சாமியைப் பற்றி அவர் பேசினால் பேச்சை மாற்ற வேண்டாம்

உங்களிடம் மனநல ஆலோசனைக்கு வரும், கணவரை இழந்த அம்மா ஒருவர் "முருகன் என்னைக் கைவிட்டுட்டான், நீங்க சாமி கும்பிடுவீங்களா?" என்று கேட்டதும், கடவுள் நம்பிக்கை இல்லாத நீங்கள் பேச்சை மாற்றிவிட்டதாக எழுதியிருந்தீர்கள்.

பொய் சொல்லாதது நல்லது. ஆனால் அவர் உங்கள் மதத்தை விசாரித்ததாக எனக்குத் தோன்றவில்லை. 'இதைச் சொன்னால் என்னை இளக்காரமாக நினைக்க மாட்டீர்களே' என்றுதான் கேட்டிருக்கிறார். அடுத்த சந்திப்பில் நீங்களே ஆரம்பியுங்கள்: "போன தடவை முருகனைப் பத்திச் சொன்னீங்க, நான் சரியாக் கேட்காம விட்டுட்டேன். அவன் மேல என்ன கோபம்?" அப்புறம் பேசாமல் இருங்கள். சாமியோடு சண்டை போடுவதும் பக்திதான். பார்வை இழந்த சுந்தரர் சிவனையே ஏசிப் பாடியவர். 'கடவுள் சோதிக்கிறார்' என்று ஆறுதல் சொல்லிவிடாதீர்கள், அது அவர் வாயை அடைத்துவிடும்.

எங்கே தொடங்குவது என்று தடுமாறினால், அமெரிக்க மருத்துவர் கிறிஸ்டினா புகால்ஸ்கி 1996-இல் உருவாக்கிய கேள்வி வரிசை உதவும்: என்ன நம்பிக்கை, வாழ்வில் அதற்கு எவ்வளவு இடம், கூட நிற்கும் மனிதர்கள் யார், சிகிச்சையில் அதை எப்படிச் சேர்த்துக்கொள்வது. மூன்றாவது கேள்விதான் இந்த அம்மாவுக்கு முக்கியம். கணவர் போனபின் கோயிலுக்குப் போவதை நிறுத்தினாரா, இல்லை விசேஷங்களில் உறவினர்களே ஒதுக்கினார்களா?

ஒன்று மட்டும் அவசரம். "முருகன் என்னைக் கூப்பிடுறான்" என்கிற மாதிரி பேசினால், தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள். இருந்தால் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போக ஏற்பாடு செய்யுங்கள்.