எந்த இரு புள்ளிகளுக்கு இடையே? மின்தடை, மின்திறன் கணக்குகள்: கேள்வி பதில்

கேள்வி: சூடாக்கும் கம்பி ஒன்றின் இரு முனைகளுக்கு இடையே 12 வோல்ட் இருக்கிறது, அதில் 3 ஆம்பியர் ஓடுகிறது. இவை இரண்டை மட்டும் வைத்து மின்தடையையும் மின்திறனையும் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம் கிடைக்கும்: 12 ÷ 3 = 4 ஓம். இரண்டையும் பெருக்கினால் வாட்: 12 × 3 = 36 வாட். மில்லி ஆம்பியரில் அளந்திருந்தால் முதலில் 1000ஆல் வகுத்து ஆம்பியராக மாற்றிக்கொள்ளுங்கள். மாணவர்களின் விடை ஆயிரம் மடங்கு பிசகுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கேள்வி: ஐயா, மின்திறனுக்கு இரண்டு சூத்திரங்கள் படித்தேன். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்க வேண்டும் என்கிறது ஒன்று. மின்னழுத்தத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுக்க வேண்டும் என்கிறது மற்றொன்று. தடை கூடினால் வெப்பம் கூடுமா, குறையுமா?

பதில்: மிக நல்ல கேள்வி. இரண்டு சூத்திரங்களும் சரியே. தடையை மாற்றும்போது எது மாறாமல் நிற்கிறது என்பதைப் பொறுத்து விடை மாறும்.

10 ஓம், 20 ஓம் தடைகள் இரண்டை எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட் மூலத்தில் இவற்றைப் பக்க இணைப்பில் மாட்டினால் ஒவ்வொன்றுக்கும் முழு 12 வோல்ட் கிடைக்கும். 10 ஓம் தடையில் 144 ÷ 10 = 14.4 வாட், 20 ஓம் தடையில் 7.2 வாட். சிறிய தடைதான் அதிகம் சுடும். அதே இரண்டையும் தொடராக மாட்டினால் மொத்தத் தடை 30 ஓம், இரண்டிலும் ஓடுவது ஒரே 0.4 ஆம்பியர். இப்போது 10 ஓம் தடையில் 1.6 வாட், 20 ஓம் தடையில் 3.2 வாட். பெரிய தடை அதிகம் சுடுகிறது.

இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. பிளக்கிலோ சுவிட்சிலோ திருகு தளர்ந்திருந்தால் அந்த இணைப்பு, கருவியோடு தொடராக நிற்கும் ஒரு சிறு தடை. அது 0.5 ஓம் என்றும், ஓடுவது 10 ஆம்பியர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 10 × 10 × 0.5 = 50 வாட் வெப்பம் ஒரு திருகின் முனையில் குவிகிறது! அங்கே இழக்கப்படும் மின்னழுத்தம் 5 வோல்ட்தான் என்பதால் கருவி வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கும். பிளாஸ்டிக் உருகும்வரை எவரும் கவனிப்பதில்லை. மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வெப்பம் கூடும் என்று ஜேம்ஸ் ஜூல் 1841இல் வெளியிட்ட விதி, பிளக் சுடுகிறதா என்று தொட்டுப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் நமக்குப் பயன்படுகிறது.

கேள்வி: 230 வோல்ட், 60 வாட் இழை பல்பின் தடை, கணக்குப்படி சுமார் 882 ஓம். மல்டிமீட்டரோ 70 ஓம் காட்டுகிறது. மீட்டர் பழுதா?

பதில்: மீட்டர் நன்றாகவே இருக்கிறது. நீங்கள் அளந்தது அணைந்திருக்கும் பல்பை. கணக்கிட்டது எரியும் பல்பை. டங்ஸ்டன் இழை 2000 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாகும்போது அதன் தடை பத்து மடங்குக்கும் மேல் உயர்கிறது. சுவிட்சைப் போட்ட நொடியில் 70 ஓம் தடைதான் இருக்கும் என்பதால் 3 ஆம்பியருக்கு மேல் பாய்ந்து, உடனே 0.26 ஆம்பியருக்கு இறங்கிவிடும். பழைய பல்புகள் பலவும் சுவிட்ச் போடும்போதே இழை அறுந்துபோவது இதனால்தான்.

கேள்வி: 9 வோல்ட் மின்கலம், 2 வோல்ட், 20 மில்லி ஆம்பியர் எல்.இ.டி. தொடராக வைக்க வேண்டிய தடை 9 ÷ 0.02 = 450 ஓம் தானே?

பதில்: இல்லை. எல்.இ.டி. 2 வோல்ட்டைத் தனக்கு எடுத்துக்கொள்ளும். தடையின் மேல் மிஞ்சுவது 7 வோல்ட். 7 ÷ 0.02 = 350 ஓம். கடையில் எளிதாகக் கிடைப்பது 390 ஓம். அதையே போடுங்கள், ஒளி சற்றே குறையும், அவ்வளவுதான். தடையில் வெப்பமாவது 0.14 வாட்டுக்கும் குறைவு என்பதால் கால் வாட் தடை போதும். சூத்திரத்தில் எழுதும் வோல்ட், நீங்கள் கணக்கிடும் அந்தப் பொருளின் இரு முனைகளுக்கு இடையே உள்ள வோல்ட்டாக இருக்க வேண்டும்.

கேள்வி: மோட்டார் சுருளின் தடை 4 ஓம். 230 வோல்ட்டில் 57 ஆம்பியர் ஓட வேண்டுமே, மீட்டர் 3 ஆம்பியர்தான் காட்டுகிறது?

பதில்: சுழலும் மோட்டார் தானே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது; மாறுதிசை மின்னோட்டத்துக்குச் சுருளின் தூண்டல் விளைவும் சேர்ந்து தடுக்கிறது. சுழலாமல் சிக்கிக்கொண்ட மோட்டாரில் எதிர் மின்னழுத்தம் இல்லாததால் மின்னோட்டம் பல மடங்கு ஏறிச் சுருள் கருகும், உடனே நிறுத்திவிடுங்கள். இன்னொன்று: 230 × 3 = 690 என்பது வோல்ட்-ஆம்பியர் மட்டுமே. திறன் காரணி, அதாவது வோல்ட்-ஆம்பியரில் உண்மையான மின்திறனாகும் பங்கு, 0.8 என்றால் உண்மையான மின்திறன் 552 வாட்.

கேள்வி: மின்கலத்தின் ஆம்பியரை அளக்க மீட்டரின் இரு முனைகளையும் மின்கலத்தில் வைத்தேன். இப்போது மீட்டர் ஆம்பியரே காட்டுவதில்லை.

பதில்: ஆம்பியர் நிலையில் மீட்டரின் தடை மிகமிகக் குறைவு, நீங்கள் செய்தது குறுக்குச்சுற்று. உள்ளே ஃபியூஸ் போயிருக்கும். ஆம்பியரை அளக்கச் சுற்றைத் துண்டித்து மீட்டரைத் தொடராக இணையுங்கள். வோல்ட்டுக்குப் பக்க இணைப்பு. ஓம் அளக்கும்போது மின்சாரமே இருக்கக் கூடாது. புதிய ஃபியூஸ் பழையதன் அதே ஆம்பியர், அதே வோல்ட் அளவில் இருக்கட்டும். அதற்குப் பதிலாகக் கம்பியைச் சுற்றி வைக்க வேண்டாம்.